கடக்வாஸ்லாவின் கதவுகள்

புனே நகரிலிருந்து சிம்மகட் மலைக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் கடக்வாஸ்லா ஏரி கண்ணுக்குப் புலப்படும். விடுமுறை நாள்களில் அங்கே திரளும் கூட்டம் சிறிதன்று. சுட்ட சோளக்கதிரும் வெங்காய பஜ்ஜியும் விற்போர் கரை நெடுகக் கடை விரித்திருப்பர். இந்நகரில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பத்தினரும் ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் இடம் இதுவே. ஆயினும், அந்த அணையின்மேல் 1903-ஆம் ஆண்டிலேயே ஆள் கைபடாமல் தாமே திறந்து தாமே மூடிக்கொண்ட கதவுகள் பொருத்தப்பட்டிருந்தன என்பதை அறிந்தவர் நம்மில் மிகச் சிலரே.

நாமும் அண்மைக்காலம் வரை அதனை அறிந்தோமில்லை. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமது மேசைக்குக் கணிப்பொறி மென்பொருளைப் பற்றிய கட்டுரையொன்று வந்தது. ஒரே கணிப்பொறியில் பல பணிகள் ஒருங்கே நடைபெறும்போது எந்தப் பணிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, ஒதுக்கிய அளவு போதாவிடின் அதனை எப்போது, எந்த அளவு திருத்துவது என்பது அதன் பொருள். கலைப் பட்டம் பெற்ற நமக்கு இத்தகைய கட்டுரை வேற்றுமொழியினும் வேற்றுமொழி. மூன்று நாள் அகராதிகளோடு மல்லாடியபின் ஒன்று விளங்கியது. சிக்கல் நமக்குப் புதிதன்று. நமது பாட்டனார் காலத்து ஏரிப்பாசனத்தில் மடைத்தலையில் நின்ற நீர்கட்டி நாள்தோறும் தீர்த்துவந்த சிக்கலே அது. நீர் இருந்த இடத்தில் நேரம் நிற்கிறது, வேறுபாடு அவ்வளவே. அவ்வகையில் தேடிச் சென்றபோதுதான், அச்சிக்கலுக்கு இந்தியாவில் முறையாக விடைகாண முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் நாம் வாழும் இந்தப் புனே மாவட்டத்திலேயே பணியாற்றியவர் என்பது தெரியவந்தது.

அவர்தாம் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. மைசூர் அவருக்குத் தாய்நாடு. கிருஷ்ணராஜ சாகரம் அவருக்குப் புகழ்மாலை. ஆனால் அவர் பொறியியல் கற்றது புனாவின் அறிவியற் கல்லூரியில். 1883-இல் தேர்வில் சிறப்புற்று, 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக அமர்ந்தார். அரசுப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நாசிக், துலியா மாவட்டங்களில் வேலை செய்தார். அப்பகுதியில் 'பட்' என்றொரு பழம்பெரும் பாசன முறை வழக்கிலிருந்தது. ஆற்றின் குறுக்கே சிறு தடுப்பணை. அதனின்று பிரியும் வாய்க்கால். பாசன நிலமனைத்தும் மூன்று நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதி முழுவதிலும் அவ்வாண்டு ஒரே பயிர்; மறு ஆண்டு பயிர் மாறும். நீரைப் பங்கிடுபவன் 'பாட்கரி' எனப்படுவான். நம் ஊர் நீர்கட்டிக்கு உடன்பிறந்தான் என்றே கொள்க. பிற்காலத்தில் விசுவேசுவரய்யா வகுத்த பாசனத் திட்டத்திற்கு வித்து இங்கேதான் கிடைத்தது எனக் கருதுவோர் உளர்.

1899-இல் அவர் புனா மாவட்டத்தின் நிர்வாகப் பொறியாளரானார். மேற்கிந்தியாவைக் கொடிய பஞ்சம் வாட்டிய காலம் அது. முத்தா ஆற்றின் குறுக்கே 1879-இல் கட்டி முடிக்கப்பட்ட கடக்வாஸ்லா அணை அவர் பொறுப்பில் வந்தது. ஆங்கிலேயர் அந்த ஏரிக்கு அதனைத் திட்டமிட்ட பொறியாளர் பெயரால் ஃபைஃப் ஏரி எனப் பெயரிட்டிருந்தனர். புனா நகரின் குடிநீர், கிர்க்கிப் படைவீட்டின் தேவை, கால்வாய்ப் பாசனம் ஆகிய மூன்றும் அந்த ஓர் ஏரியையே நம்பியிருந்தன. மழைக்காலத்தில் வெள்ளம் கலிங்கின் மேல் பல அடி உயரத்துக்கு வழிந்தோடும். கோடை வந்தாலோ மூன்று தரப்பினரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வர்.

நீரைக் கூடுதலாகத் தேக்க அணையை உயர்த்தலாமே எனின், அதற்குச் செலவு மிகுதி. பழைய சுவர் தாங்குமா என்ற ஐயமும் உண்டு. கலிங்கின் மேல் சாதாரணப் பலகைகளை வைத்துத் தேக்கலாம் எனின், நள்ளிரவில் வெள்ளம் வந்தால் அவற்றை அகற்றுவது யார்?

இவ்விடத்தில் நம் நாட்டு ஏரிகளைச் சற்று நினைவுகூர்தல் தகும். தமிழ்நாட்டின் பழைய கலிங்குகள் பலவற்றில் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருப்பதைச் சிற்றூர்களில் பிறந்தோர் கண்டிருப்பர். சிறுவர்கள் அவற்றின்மேல் தாவி விளையாடுவர். ஆனால் கற்கள் விளையாட்டுக்காக நடப்பட்டவை அல்ல. மழைக்காலம் முடியுந் தறுவாயில், கற்களின் இடையே வைக்கோலும் களிமண்ணும் புற்கரணையும் வைத்து அடைத்தால் ஏரியில் ஓரிரு அடி நீர் கூடுதலாக நிற்கும். அந்த ஓரிரு அடி நீர், கடைசித் தண்ணீருக்கு ஏங்கும் நெற்பயிரைக் காக்கும். அடைப்பதற்கு ஊரே ஓடிவரும். எதிர்பாராத பெருமழையில் அடைப்பைப் பிரிப்பதற்குத்தான் ஆள் அகப்படமாட்டார்கள்; இன்னும் சற்றுப் பார்க்கலாம் என்னும் ஆசையும் தடுக்கும். அதனால் கரை உடைந்த ஏரிகள் உண்டு. ஆங்கிலேய அரசின் பொறியாளர்கள் இக்கற்களைக் கண்டு முகம் சுளித்ததும் இதனாலேயே.

விசுவேசுவரய்யா செய்தது யாதெனில், அடைப்பதும் பிரிப்பதுமாகிய இரு வேலைகளையும் மனிதனிடமிருந்து எடுத்து நீரிடமே ஒப்படைத்ததுதான். அவர் அமைத்த கதவுகள் பழைய கலிங்கின் உச்சிக்கு மேல் ஏறத்தாழ 8 அடி உயரம் நீரைத் தாங்கி நின்றன. முன்னர்ப் பெருவெள்ளத்தின்போது நீர் எட்டிய அந்த மட்டத்தைத் தாண்டியதும் கதவுகள் தாமே திறந்து மிகைநீரை வெளியேற்றின. வெள்ளம் தணிந்து நீர்மட்டம் இறங்கியதும் தாமே மூடிக்கொண்டன. காவலர் இல்லை, நீராவி இயந்திரம் இல்லை, மணியடித்து ஆளை எழுப்ப வேண்டுவதும் இல்லை. அணையை ஓரடிகூட உயர்த்தாமல் ஏரியின் கொள்ளளவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடிற்று. இந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அரசு ஊழியத்தில் இருக்கும்போது செய்த வேலைக்கு உரிமைத்தொகை வாங்குவது முறையன்று என மறுத்துவிட்டார். குவாலியர் நாட்டிலும் பின்னர்க் கிருஷ்ணராஜ சாகரத்திலும் இதே வகைக் கதவுகள் இடம்பெற்றன.

அளத்தல், குறித்த அளவோடு ஒப்பிடுதல், வேறுபாட்டுக்கு ஏற்பத் திருத்துதல், மீண்டும் அளத்தல் என்னும் இந்தச் சுழற்சியையே இன்றைய பொறியியலார் பின்னூட்டக் கட்டுப்பாடு என்கின்றனர். உலகறிந்த பழைய எடுத்துக்காட்டு 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் பொருத்திய சுழல்குண்டு அமைப்பு. இயந்திரம் விரைந்தால் குண்டுகள் விலகி உயர்ந்து நீராவியைக் குறைக்கும். மெதுவானால் தாழ்ந்து நீராவியைக் கூட்டும். ஆனால் அதிலும் ஒரு நோய் இருந்தது. சில இயந்திரங்கள் ஒரு வேகத்தில் நிலைகொள்ளாமல் விரைவதும் தளர்வதுமாக ஊசலாடின. திருத்தம் காலந்தாழ்ந்து வந்தாலோ, தேவைக்கு மேல் வலிதாக வந்தாலோ, திருத்தமே புதிய பிழையாகிவிடும். இதற்கான கணிதத்தை 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஆராய்ந்து வெளியிட்டார்.

கதவைவிடக் கடினமான வேலை கால்வாயில் காத்திருந்தது. கதவின் முன் இருப்பது ஒரே ஒரு நீர்மட்டம். கால்வாயின் இருமருங்கிலுமோ ஆயிரக்கணக்கான உழவர்கள். ஒவ்வொருவர் நிலமும் ஒவ்வொரு வகை. தக்காணத்துக் கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும் இயல்பினது. மழை நன்கு பெய்த ஆண்டில் சோளமும் கம்பும் பயிரிடுவோர் கால்வாயை ஏறெடுத்தும் பாரார். மழை பொய்த்த ஆண்டில் அனைவரும் ஒரே நாளில் மடையை மொய்ப்பர். இதற்கு நடுவே, எந்த ஆண்டும் இடைவிடாது நீர் கேட்கும் பயிர் ஒன்று உண்டு, அது கரும்பு. பணம் தருவதும் அதுவே. அக்காலத்தில் கால்வாய் நெடுகிலும் யார் எங்கே வேண்டுமாயினும் ஆண்டுதோறும் விண்ணப்பம் கொடுத்துக் கரும்புக்கு நீர் பெறலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த கரும்புக் கொல்லைகளுக்கு நீண்ட சிறு வாய்க்கால்கள் வழியே நீர் செல்லும்போது பெரும்பகுதி வழியிலேயே மண்ணுக்குள் மறைந்தது. கடைமடைக்காரன் கண்டது வறண்ட வாய்க்காலை மட்டுமே. மறுபுறம், அளவுக்கு மீறிப் பாய்ச்சிய நிலங்களில் நீர் தேங்கி உப்புப் பூத்து நிலமே பாழாயிற்று. நீரா கால்வாய்ப் பகுதியில் இக்கேடு பிற்காலத்தில் பெருஞ் சிக்கலாகிப் பல்லாண்டு ஆராய்ச்சிக்குப் பொருளாயிற்று.

விசுவேசுவரய்யா இரண்டு ஏற்பாடுகளைக் கொணர்ந்தார். முதலாவது, முத்தா கால்வாயில் முறை வைத்து நீர் பாய்ச்சுதல். கேட்டவர்க்குக் கேட்டபோது என்பது மாறி, ஏறத்தாழ பத்து நாள்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவர்க்கும் ஒரு முறை என வரையறுக்கப்பட்டது. இரண்டாவது, 'பிளாக்' முறை எனப் பெயர் பெற்ற வட்டகைப் பாசனம். ஒவ்வோர் ஊரிலும் தக்க நிலங்களை ஒருசேர அமைந்த வட்டகைகளாக வகுத்து, வட்டகைக்கு இவ்வளவு நீர் என ஆறாண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டது. அதற்குள் ஒரு பகுதியில் மட்டுமே கரும்பு. எஞ்சிய பகுதிகளில் குறைந்த நீர் வேண்டும் பயிர்கள். ஆண்டுக்காண்டு பயிர் இடம் மாறும். உழவனுக்குக் கிடைத்தது உறுதி. அரசுக்குக் கிடைத்தது முன்கூட்டியே போடத்தக்க கணக்கு. இந்த முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நீரா கால்வாயிலும் பிற தக்காணக் கால்வாய்களிலும் பரவிற்று. 1901-இல் அமைக்கப்பட்ட இந்தியப் பாசன ஆணைக்குழு நாடெங்கும் சென்று ஆராய்ந்த காலமும் ஏறத்தாழ இதுவே.

இதனை முழு வெற்றி எனப் புகழ்ந்துவிட நம் மனம் ஒப்பவில்லை. வட்டகைக்குள் நிலம் உடையவன் பேறு பெற்றவன். வெளியே இருந்தவன் மழையை நோக்கியிருந்தான். கால்வாய்க் கரைகளில் கரும்பு வேரூன்றிய பின்னர் ஆலைகள் எழுந்தன. ஆலைகள் எழுந்தபின் கரும்பைக் குறைப்பது எந்த அரசுக்கும் எளிதாயில்லை. ஒதுக்கீடு என்பது ஒருமுறை வழங்கப்பட்டால் உரிமையாக உறைந்துவிடும் இயல்புடையது. ஆறாண்டு உறுதி உழவனுக்கு நலம் பயந்தது மெய்யே. ஆயினும் வறட்சி வந்த ஆண்டில் அந்த உறுதியே கடைமடைக்காரனுக்கு எதிராக நின்றது.

கணிப்பொறிக் கட்டுரை நமக்கு விளங்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான். கணிப்பொறியின் செயலி ஒரு நொடியில் எத்துணைக் கோடி வேலைகள் செய்தாலும், ஒரு கணத்தில் ஒரு பணியையே செய்கிறது. ஆகவே அதன் நேரத்தைப் பல நிரல்களுக்கும் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டியதாகிறது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவினரும் ஒரு கணிப்பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் ஏற்பாட்டை உருவாக்கி, 1962-இல் அதனை விளக்கி எழுதினர். தனக்குத் தரப்பட்ட சிறு நேரத்துக்குள் முடிக்காத நிரல் ஒருபடி கீழிறக்கப்படும். கீழ்ப்படியில் முறை அரிதாக வரும், ஆனால் வரும்போது நெடுநேரம் கிட்டும். ஒரு நிரலின் நேற்றைய நடத்தையைப் பார்த்து அதன் நாளைய பங்கை வகுக்கும் இவ்வேற்பாடும் ஒருவகைப் பின்னூட்டமே.

எழுத்தர் வேலைக்கு இது போதும். கெடு தவறினால் உயிர் போகும் வேலைக்குப் போதாது. 1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அப்பல்லோ 11 கலத்தின் கணிப்பொறி 1202 என்னும் எண்ணைக் காட்டி அபாய அறிவிப்புச் செய்தது. அப்போது தேவைப்படாத ரேடார் ஒன்று கணிப்பொறியின் நேரத்தில் ஒரு பகுதியை வீணே உறிஞ்சிக்கொண்டிருந்தமையால், பணிகளுக்கு இடம் ஒதுக்கும் அட்டவணை நிரம்பி வழிந்துவிட்டது. நல்வாய்ப்பாக, அந்த மென்பொருளை வகுத்தவர்கள் பணிகளை முதன்மையின்படி வரிசைப்படுத்தியிருந்தனர். கணிப்பொறி தன்னை மறுபடி தொடங்கிக்கொண்டு, இன்றியமையாத பணிகளைக் காத்து மற்றவற்றைக் கைவிட்டது. கலம் பத்திரமாக இறங்கிற்று. மிகைநீரைத் தானே வெளியேற்றிய கடக்வாஸ்லாக் கதவுகளுக்கு அதனை ஒப்பிடுவது மிகையாகுமோ, அறியோம். நமக்கு அவ்வாறே தோன்றிற்று.

1973-இல் லியூ, லேலண்ட் என்னும் இருவர் இத்துறைக்கு அடிப்படைக் கணிதம் வகுத்தனர். ஒவ்வொரு பணியும் எத்துணை இடைவெளியில் திரும்ப வரும், மிகுதியாக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பவை தெரிந்தால், எல்லாக் கெடுக்களும் காக்கப்படுமா என முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றனர். அடிக்கடி வரும் பணிக்கு என்றும் முதலிடம் தருவதெனின், பணிகள் எத்தனையாயினும் செயலியின் நேரத்தில் ஏறத்தாழ 69 விழுக்காடு வரை அச்சமின்றி ஒப்பந்தம் செய்யலாம். நெருங்கிய கெடுவுக்கு அவ்வப்போது முதலிடம் தருவதெனின் 100 விழுக்காடு வரையும் செல்லலாம்.

கணிதம் குறையற்றது. ஆனால் அது பணிகள் கேட்கும் அளவு முன்கூட்டியே தெரியும் என்று கொள்கிறது. அசையும் படங்களைக் காட்டும் நிரல் ஒரு கணம் சிறிது கேட்கும். காட்சி மாறினால் மறுகணம் மும்மடங்கு கேட்கும். மிகுதியான அளவை வைத்து ஒதுக்கினால் பெரும்பொழுது செயலி சும்மா கிடக்கும்; சராசரி அளவை வைத்து ஒதுக்கினால் நெருக்கடியில் கெடு தவறும். கரிசல் நிலத்துச் சோளக்காரனைப் போன்றதே இந்தப் பணி.

இதற்கு வழிகண்டவர்களுள் இத்தாலியின் பீசா நகரத்து அபேனி, புட்டாஸோ ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். 1998-இல் அவர்கள் வெளியிட்ட முறைப்படி ஒவ்வொரு பணிக்கும் ஒரு கால அளவும் அதற்குள் செலவிடத்தக்க ஒரு பங்கும் வரையறுக்கப்படும். பங்கு தீர்ந்ததும் அப்பணியின் கெடு தள்ளிவைக்கப்படும். அதன் பேராசையால் அண்டைப் பணிக்குக் கேடு நேராது. வட்டகையின் பங்கு தீர்ந்ததும் மடை அடைபடுவதை ஒத்தது இது. ஆனால் இதுவும் உறைந்த ஒதுக்கீடே. அடுத்த படியை அதே காலத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டாங்கோவிக்கும் அவருடன் சேர்ந்தோரும் எடுத்து வைத்தனர். எத்தனை கெடுக்கள் தவறின, செயலி எவ்வளவு நேரம் உழைத்தது என்பவற்றை இடைவிடாது அளந்து, குறித்த அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்பப் பணிகளின் பங்கைத் திருத்தும் கட்டுப்பாட்டமைப்பை மென்பொருளுக்குள்ளேயே வைத்தனர். நெருக்கடியில் ஒரு பணியை அடியோடு நிறுத்த வேண்டுவதில்லை. அதே பணியைக் குறைந்த நேரத்தில் செய்யும் எளிய வடிவத்துக்கு மாற்றினால் போதும். கரும்புக்கு நீரில்லாத ஆண்டில் சோளம் விதைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு எங்கே? பீசாக் குழுவினர் தந்த அடிப்படை 2014-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் 3.14-ஆம் பதிப்பில் இடம்பெற்று உலகெங்கும் சென்றுவிட்டது.

மாக்ஸ்வெல் கண்ட ஊசலாட்ட நோய் இங்கும் உண்டு. பங்கை மிக விரைந்து கூட்டிக் குறைத்தால் பணிகள் நிலைகொள்ளாமல் தடுமாறும். மிக மெதுவாகத் திருத்தினால் கெடு தவறிய பின்னரே உதவி வந்துசேரும். கால்வாய் அதிகாரிகளுக்கு இது பழகிய துன்பம். தலைமடையில் திறந்த நீர் கடைமடையை அடையச் சில நாள் ஆகும். கடைமடையின் கூக்குரலைக் கேட்டு இன்று மிகுதியாகத் திறந்தால், அந்நீர் சென்று சேரும் நாளில் அங்கே மழை பெய்துகொண்டிருக்கலாம்.

பின்னூட்டம் எத்துணை நுட்பமாயினும் அது வேலை செய்ய அளக்கும் கண்ணும் வேண்டும், திருத்தும் கையும் வேண்டும். இதனைப் புனே நகரம் மறவாத வகையில் அறிந்த நாள் 1961-ஆம் ஆண்டு ஜூலை 12. கடக்வாஸ்லாவுக்கு மேலே, முத்தாவின் கிளையாகிய அம்பி ஆற்றில் பான்சேத் மண் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. முற்றுப்பெறாத நிலையிலேயே அவ்வாண்டு மழையில் முதன்முறையாக நீர் நிரம்பிற்று. நீர்மட்டம் ஏறுவதைப் பொறியாளர்கள் கண்ணெதிரே கண்டார்கள். ஆனால் நீரை வெளியேற்றும் மதகின் கதவமைப்பு முடிவு பெற்றிருக்கவில்லை. கரை உள்ளிறங்கத் தொடங்கிற்று. படைவீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டைகளை அடுக்கி அதனைத் தாங்கிப் பிடித்தனர். அவர்கள் ஈட்டித் தந்த அந்தச் சில மணி நேரத்தால் வெள்ளம் இரவில் வராமல் பகலில் வந்தது. அதனால் பிழைத்த உயிர்கள் பல. காலையில் பான்சேத் உடைந்தது. அப்பெருநீர் கடக்வாஸ்லாவை மூழ்கடிக்க, விசுவேசுவரய்யா கதவு பொருத்திய அந்தப் பழைய கல்லணையும் அன்றே உடைந்தது. முத்தாக் கரையிலிருந்த பழைய பேட்டைகளில் வீடுகள் சரிந்தன. வெள்ளம் வடிந்ததும் அதற்கு நேர்மாறான துன்பம் தொடங்கிற்று. நகருக்குக் குடிநீர் தந்த ஏரியே இல்லாது போயிற்று. இரண்டு அணைகளும் பின்னர் மீண்டும் கட்டப்பட்டன. கிருஷ்ணராஜ சாகரத்தை எழுப்பிய முதியவர் அப்போது நூறு வயதை எட்டியவராய்ப் பெங்களூரில் வாழ்ந்துகொண்டிருந்தார். மறு ஆண்டு 1962-இல் மறைந்தார்.

இன்று கடக்வாஸ்லா, பான்சேத், வரஸ்காவ், டெம்கர் ஆகிய நான்கு அணைகளும் சேர்ந்து ஏறத்தாழ 29 டி.எம்.சி. நீரைத் தேக்குகின்றன. புனே நகரம் குடிப்பதும் இதையே. தெளண்ட், இந்தாபூர் வட்டங்களின் வயல்கள் கால்வாய் வழியே எதிர்நோக்குவதும் இதையே. மழைக்காலம் முடிந்து அக்டோபர் மாத நடுவில் அணைகளின் இருப்பைக் கணக்கிட்டு, கால்வாய் ஆலோசனைக் குழு கூடிப் பாசனத்துக்கு எத்தனை முறை நீர் விடுவது எனத் தீர்மானிக்கும். ஒரு முறையை மராத்தியில் 'ஆவர்த்தன்' என்பர். நகராட்சியும் ஆண்டுதோறும் தனக்கு வேண்டிய நீருக்கு நிதிநிலை அறிக்கை போன்றதோர் அறிக்கையை நீர்வளத் துறைக்கு அளிக்கிறது. நகரம் கேட்பதும் துறை ஒப்புவதும் ஒத்துவராமல் செய்தித்தாள்களில் வாதம் நடப்பது வழக்கமாகிவிட்டது. கணிப்பொறி இலக்கணப்படி சொல்வதாயின், பணிகள் கேட்கும் பங்குகளின் கூட்டுத்தொகை செயலியின் முழு நேரத்தை மீறுகிறது. அந்நிலையில் எந்தப் பின்னூட்டமும் கெடு தவறுவதைத் தடுக்காது. எவன் கெடு தவற வேண்டும் என்பதைத்தான் அது தேர்ந்தெடுக்கும்.

நாம் குடியிருக்கும் அடுக்கு வீட்டில் குழாய்நீர் விடியற்காலையில் வருகிறது. மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நின்றுவிடும் கருவி உண்டு. சென்ற ஆண்டு அக்கருவி பழுதாகி இரவெல்லாம் தொட்டி வழிந்தது. அந்த நீர் தெருவோடு ஓடியதைப் பார்த்த காய்கறி விற்கும் பெண்மணி, தாம் இந்தாபூர்ப் பக்கத்தவர் என்றும், தம் அண்ணன் கொல்லைக்கு அவ்வாண்டுக் கோடையில் ஒரே ஒரு முறைதான் நீர் வந்தது என்றும் கூறினார். நாம் மறுமொழி ஏதும் கூறினோமில்லை.

மொழிபெயர்ப்பைக் குறித்த நாளில் கொடுத்துவிட்டோம். கெடு, பங்கு, பின்னூட்டம் ஆகிய சொற்கள் எளிதில் அமைந்தன. 'முறை' என்ற சொல் நமக்குத் தனி மகிழ்ச்சி தந்தது. வரிசையில் வரும் வாய்ப்புக்கும் அதுவே சொல், நீதிக்கும் அதுவே சொல். பணிகளுக்கு நேரத்தைப் பங்கிட்டுத் தரும் அந்த மென்பொருளுக்கு மட்டும் 'நீர்கட்டி' என்று பெயரிடப் பெரிதும் விரும்பினோம். அலுவலகத்தில் அதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்குமே என்று அஞ்சி, 'பணி வரிசையாக்கி' என்று எழுதி அனுப்பினோம்.